பெரியவனின் பிஸ்டன்

அந்தத் தொழிற்சாலையில் எஞ்சின்களுக்கு உறவுமுறை உண்டு. வரைபடங்களில் அவற்றுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்கள் இருந்தாலும், வேலைத்தளத்தில் யாரும் அவற்றை வாயில் எடுப்பதில்லை. ஒரு லிட்டர் எஞ்சின் சின்னவன். அதைவிடச் சற்றுக் கூடுதல் கொள்ளளவு உள்ளது நடுவுலவன். ஒன்றரை லிட்டரை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறவன் பெரியவன். மூன்றுக்கும் நான்கு சிலிண்டர்தான். மூன்றும் ஒரே அச்சில் வார்த்த உடம்புதான், சிலிண்டரின் அகலமும் ஒன்றேதான். உள்ளே சுற்றும் கிராங்க் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அது மாறினால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மாறும், அதற்குத் தகுந்தபடி பிஸ்டனின் உயரமும் கொஞ்சம் மாறும். வெளியே வரிசையாக நிறுத்தினால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது.

இவர்களுக்கு மேல் இன்னும் இரண்டு பேர். பெட்ரோலைத் தொடாமல் கேஸில் மட்டும் ஓடுகிறவனுக்குச் சாமியார் என்று பெயர். பெரியவனின் உடம்பில் பதினாறு வால்வு கொண்ட தலையைப் பொருத்தினால் அவன் மாப்பிள்ளை. அந்தத் தலை வேறொரு தொழிற்சாலையிலிருந்து உறை போட்டு, பஞ்சுக்குள் பொதிந்து வரும். தூக்க இரண்டு பேர், பார்த்து இறக்க ஒரு ஆள், கீறல் விழுந்தால் விசாரணை. வெளியிலிருந்து வந்தவனுக்கு இத்தனை உபசாரமா என்று யாரோ ஒருநாள் அலுத்துக்கொண்டதில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தக் குடும்பத்தை ஒவ்வொருவராகக் கடைசியில் ஓட்டிப் பார்த்து வெளியே அனுப்புகிற அறையில் இருந்தவளைக் காதம்மா என்று கூப்பிட்டார்கள். கண்ணாடிச் சுவர் போட்ட அறை. எஞ்சின் தள்ளுவண்டியில் வரும். மேடையில் ஏற்றி இறுக்கி, தண்ணீர்க் குழாயும் பெட்ரோல் குழாயும் புகைக் குழாயும் மாட்டி, முதல்முறையாக உயிர் கொடுப்பார்கள். எண்ணெய் அழுத்தத்துக்கு ஒரு முள், சூட்டுக்கு ஒரு முள், இன்னும் சில முட்கள். எல்லாம் பச்சைப் பட்டைக்குள் நின்றால் சரி. ஆனால் பச்சைப் பட்டைக்குத் தாராள மனசு. சின்னச் சின்னக் கோளாறுகளை அது கண்டுகொள்ளாது. அதற்குத்தான் காதம்மா. மரக் கைப்பிடி போட்ட இரும்புக் கம்பி ஒன்றின் முனையை எஞ்சின் மேல் வைத்து, மறுமுனையைக் காதோடு ஒட்டி நிற்பாள். சரி என்றால் பச்சை பெயிண்டில் ஒரு பொட்டு. சரியில்லை என்றால் சிவப்பு. சிவப்பு வாங்கியவன் பிரிக்கிற அறைக்குப் போவான்.

அவள் கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். பள்ளி என்றால் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு கார். காரில் சின்னவன். இடதுபக்க இருக்கையின் கால்மாட்டிலும் பிரேக்கும் கிளட்சும் வைத்த கார். ஒருநாள் காலையில் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிறார் என்று நினைத்து, அவள் உள்ளே போய் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு வந்தாள். அப்போதும் அவர் குனிந்தே இருந்தார். வெளியே காருக்குள் அன்றைக்குப் பாடம் படிக்க வந்த பெண், தாமதமாகிறதே என்று மரியாதையாக ஒருமுறை ஹாரன் அடித்தாள். காதம்மா தெருவுக்குப் போய், "இன்னைக்கு க்ளாஸ் இல்லம்மா, நாளைக்கு வா," என்றாள். அந்தப் பெண் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போகும்வரை நின்று பார்த்துவிட்டு, பிறகுதான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அன்றும் அழவில்லை, அதற்கப்புறமும் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், டீ போட்டாள், யார் எந்தப் பஸ்ஸில் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? நெஞ்சழுத்தக்காரி என்றது ஒரு வாய். பாவம், உள்ளுக்குள்ளேயே வச்சுப் புழுங்குறா என்றது இன்னொரு வாய். இரண்டும் அவள் காதில் விழுந்தன. உள்ளே எதையும் வைத்துக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்தால் அங்கே கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

அவளுக்கும் சேர்த்து அழ ஒரு ஆள் இருந்தாள். நாத்தனார், கணவரின் ஒரே தங்கை. கல்யாணம் ஒன்று ஆகி, அது சரிப்படாமல், அண்ணனோடு சேர்ந்து பயிற்சிப் பள்ளியைப் பார்த்துக்கொண்டவள். இரண்டு தெரு தள்ளி வீடு. தினமும் சாயங்காலம் வருவாள். வாசல்படி ஏறும்போதே கண் கலங்கும். அண்ணனின் சட்டையைப் பார்த்தால் அழுவாள், சோப்பு டப்பாவைப் பார்த்தால் அழுவாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "உங்களால எப்படி அண்ணி இப்படி இருக்க முடியுது?" என்று கேட்பாள். குற்றம் சொல்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

"தெரியல," என்பாள் காதம்மா. "சாப்பிட்டியா?"

விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது, பாவம் பார்த்து எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். கம்பியை எடுத்துக் காதில் வைத்தாள். காது பழையபடியேதான் இருந்தது. நான்கு சிலிண்டரும் தனித்தனியாகக் கேட்டன. வால்வு தட்டுவது, செயின் உரசுவது, எண்ணெய் ஓடுவது, ஒன்றும் விட்டுப்போகவில்லை. பொட்டு வைத்தாள். வண்டி நகர்ந்தது. அடுத்தது வந்தது.

ஒரு சாயங்காலம் நாத்தனார் அழாமல் வந்தாள். கையில் காரின் சாவி.

"அண்ணி, ஒரு முடிவு எடுத்திருக்கேன். பள்ளிக்கூடத்த மறுபடி தொறக்கணும். நான் ஒருத்தியே பாத்துப்பேன்."

"தொற."

"ஆனா வண்டி போகாது. அண்ணன் இருக்கும்போதே புகையா தள்ளிட்டிருந்துச்சு. நேத்து எடுத்துப் பாத்தேன், தெருவே தெரியல. பின்னாடி வந்த ஸ்கூட்டர்காரர் திட்டாத திட்டு இல்ல."

"பிஸ்டன் ரிங் போயிருக்கும். எண்ணெய் மேல ஏறுது."

"மெக்கானிக்கும் அதான் சொன்னாரு. அவர்கிட்ட ஒரு எஞ்சின் இருக்காம். பின்னாடி இடிபட்டுப் போன வண்டியோடது, முன்னாடி ஒண்ணும் ஆகல. ஆனா அது பெரியவனாம். நம்ம வண்டிக்கு சேருமா?"

"சேரும். எல்லாரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதான். போல்ட் ஓட்டைகூட மாறாது."

"அப்போ மாத்திடவா? உங்களுக்கு சம்மதமா?"

காதம்மா யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் இருந்தாள். யோசிக்க எதுவும் இல்லை. "மாத்து," என்றாள்.

நாத்தனாருக்கு அந்தச் சம்மதம் பிடிக்கவில்லை. அண்ணன் கை பட்ட எஞ்சின், கழற்றக்கூடாது என்று அண்ணி ஒரு வார்த்தையாவது தடுப்பாள், அப்போது பேசிச் சமாதானப்படுத்தலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். சொல்ல வந்ததெல்லாம் வீணாய்ப் போனதில், சாவியை வைத்துவிட்டு வழக்கம்போல் அழுதாள்.

அந்த வாரத்தில்தான் ஃபோர்மேன் காதம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டுவதில் பேர்போன மனிதர். அவர் திட்டினால் திட்டு வாங்கியவனே ரசித்துக் கேட்பான். ஆனால் அன்றைக்கு எழுந்து நின்று, நாற்காலியைக் காட்டினார்.

"கார் ஃபாக்டரிலேருந்து ஒண்ணு திரும்பி வந்திருக்கும்மா. நடுவுலவன். வண்டில ஏத்தி, முற்றத்துல ஓட்டிப் பாத்தப்பவே இழுக்கலையாம். பொட்டு உங்களோடது."

"சரி சார்."

"வாங்க, ஒருதடவ கேட்டுப் பாத்துடலாம்."

மேடையில் ஏற்றி ஓட விட்டார்கள். முட்கள் பச்சைக்குள்தான் நின்றன, விளிம்பை ஒட்டி. அவள் கம்பியை வைத்தாள்.

"நொண்டுது," என்றாள்.

"எதுல?"

"மூணாவதுல. மத்த மூணும் நல்லா அடிக்குது. இதுல அமுக்கம் இல்ல."

ஃபோர்மேன் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். மற்றவர்களை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

"காது நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு மட்டும் எப்படி விட்டுப் போச்சு? பக்கத்து மேடைல மாப்பிள்ளை ஓடிட்டிருந்திருப்பான். அந்தச் சத்தத்துல கலந்திருக்கும். அப்படித்தானே?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்துபோகும். தப்பிக்க அவர் ஒரு வழியைத் திறந்துவிடுகிறார் என்பது அவளுக்கும் புரிந்தது.

"இல்ல சார். கேட்டுச்சு."

"கேட்டுச்சா?"

"மூணாவது நொண்டுதுன்னு அப்பவே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா பச்ச வச்சீங்க?"

"ஆமா."

"ஏம்மா?"

அவள் நேர்மையாகவே தேடிப் பார்த்தாள். கோபத்தில் செய்யவில்லை. அசதியில் செய்யவில்லை. யாரையும் பழிவாங்க வேண்டியிருக்கவில்லை. அந்த நிமிஷத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், காதில் கம்பி, மூன்றாவதில் நொண்டல், கையில் பச்சை பிரஷ், அவ்வளவுதான்.

"ஒண்ணும் தோணல சார். இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னுகூடத் தோணல. நொண்டுது, சரி. அதோட நின்னுபோச்சு."

ஃபோர்மேன் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

எஞ்சினைப் பிரிக்கிற அறைக்குத் தள்ளிப் போனார்கள். தலையைத் தூக்கியதும் விஷயம் தெரிந்துவிட்டது. நான்கு பிஸ்டன்களையும் மேலே கொண்டுவந்து பார்த்தபோது, மூன்றாவது மட்டும் நகத்தின் கனத்துக்குக் கீழேயே நின்றது. அது பெரியவனின் பிஸ்டன். பெரியவனுக்குக் கிராங்க் உயரத் தூக்கிவிடும் என்பதால் பிஸ்டனை அந்த அளவு குட்டையாகச் செய்திருப்பார்கள். நடுவுலவனின் கிராங்கில் மாட்டினால் அது உச்சிவரை எட்டாது. எட்டாத இடத்தில் காற்று சரியாக அமுங்காது, அமுங்காவிட்டால் வெடிப்பில் உரம் இருக்காது.

"தட்டுல எடுத்து வைக்கிற எடத்துல கலந்திருக்கானுங்க," என்றார் ஃபோர்மேன். "அது என் பாடு, நான் பாத்துக்கறேன். உங்க பொட்டு மட்டும் எத்தனை வெளிய போயிருக்குன்னு பாக்கணும்."

அவள் திரும்பி வந்த நாள் முதல் பச்சை வாங்கிய எஞ்சின்களில், கிடங்கில் இன்னும் இருந்தவற்றையெல்லாம் மறுபடி மேடை ஏற்றினார்கள். ஷிப்ட் முடிந்தும் பத்துப் பன்னிரண்டு பேர் வீட்டுக்குப் போக முடியாமல் நின்றார்கள். அவளும் நின்றாள். வண்டியில் போனவற்றைத் தேடித் தொலைபேசி பறந்தது. இன்னொரு நடுவுலவன் அகப்பட்டான். செயின் தளர்ந்த ஒரு சாமியாரும் அகப்பட்டார். இரண்டையும் கேட்டபோதே தெரியும் என்று அவள் சொன்னதும், கூட நின்றவர்களில் ஒருவர் தரையில் துணியை வீசிவிட்டுப் போனார். அவர் மகளுக்கு அன்றைக்கு ஏதோ விழா என்று பிறகு தெரிந்தது. அதைக் கேட்டபோது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்படியே வைத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நாள் வீட்ல இருங்கம்மா," என்றார் ஃபோர்மேன். "தண்டனை இல்ல. டாக்டரப் பாருங்க."

டாக்டர் தூங்க மாத்திரை கொடுத்தார். அவள் ஏற்கெனவே நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

லீவில் இருப்பதை நாத்தனாரிடம் சொன்னாள், காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று இல்லை, அவள் கேட்கவில்லை. நாத்தனாருக்கு அப்போது தலைக்கு மேல் வேலை. மெக்கானிக் ஷெட்டில் சின்னவனை இறக்கிப் பெரியவனை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சின்னவன் சங்கிலியில் தொங்கியபடி வெளியே வந்தபோது நாத்தனார் ஷெட் வாசலில் நின்று விக்கி விக்கி அழுதாள். மெக்கானிக் சங்கிலியை விடவும் முடியாமல், பிடித்துக்கொண்டே நிற்கவும் முடியாமல், "அக்கா, கொஞ்சம் தள்ளி நின்னு அழுங்க. கால்ல விழுந்துடப் போவுது," என்றார். காதம்மா அவளைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள்.

புது எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். "நல்லா இருக்கு," என்றாள். நன்றாகத்தான் இருந்தது.

"அண்ணி, நீங்க ஓட்டக் கத்துக்கோங்க," என்றாள் நாத்தனார் அன்று திரும்பும் வழியில். "நாலு சுவத்துக்குள்ள ஒக்காந்து என்ன பண்ணப் போறீங்க? மொத மாணவி நீங்கதான்."

ஓட்டுநர் பள்ளிக்காரரின் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்த வேடிக்கை. கல்யாணமான புதிதில் அவர் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். முதல் முச்சந்தியில் கியர் கரகரத்தது. "காதுல கேக்குதில்ல? அத கால்ல காட்டு," என்றார். அவள் நடுரோட்டில் எஞ்சினை நிறுத்தி, சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். அதோடு சரி.

இப்போது ஓட்டினாள். மடமடவென்று வந்தது. எஞ்சின் எப்போது கியர் கேட்கிறது என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும், அவளுக்கு வேண்டியதில்லை. கை நடுங்கவில்லை. பின்னால் லாரி முட்டுகிற மாதிரி வந்து ஹாரன் அடித்தாலும் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுத் தன்பாட்டில் போனாள். சின்னவனுக்குப் பழகிய அந்தச் சின்ன வண்டியில், பெடலில் கால் வைத்ததும் பெரியவன் பாய்ந்தான். மற்றவர்களாக இருந்தால் அலறியிருப்பார்கள். அவள் அலறவில்லை.

"பயமே இல்லையா அண்ணி உங்களுக்கு? எனக்கு லைசன்ஸ் வாங்கி மூணு வருஷம் கழிச்சும் பயம் போகல."

"இல்ல."

"அண்ணன் பாத்திருக்கணும்," என்றாள் நாத்தனார்.

ஒருநாள் காலை, கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் அகலமான ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். நல்ல வெளிச்சம், கூட்டம் இல்லை. இரண்டு கையிலும் காய்கறிப் பை தூக்கிய ஒரு பெண் எதிர்ப்புற நடைபாதையிலிருந்து இறங்கினாள். அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒரு பையின் காது அறுந்துவிட்டது போலிருக்கிறது, அதைக் கவனித்துக்கொண்டே குறுக்கே வந்தாள். காதம்மாவுக்கு அவள் நன்றாகத் தெரிந்தாள். பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கீரைக்கட்டு தெரிந்தது. செருப்பின் நிறம் தெரிந்தது. இடைவெளி குறைவது தெரிந்தது. கால் பெடலில் இருந்த இடத்திலேயே இருந்தது.

நாத்தனார் தன் பக்கத்துப் பிரேக்கை உடம்பின் எடை முழுவதையும் போட்டு மிதித்தாள். வண்டி குலுங்கி நின்று அணைந்தது. அந்தப் பெண்ணின் பை பம்பரில் இடித்தது, பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. உருளைக்கிழங்குகள் ரோட்டில் ஓடின.

"கண்ணு என்ன பொடனிலயா இருக்கு?" என்றாள் அந்தப் பெண். நாத்தனார் இறங்கி ஓடி மன்னிப்புக் கேட்டு, கிழங்குகளைப் பொறுக்கிக் கொடுத்து, அறுந்த பையைத் தன் துப்பட்டாவால் கட்டிக் கொடுத்தாள். அந்தப் பெண் காரின் மேல் இருந்த பயிற்சிப் பலகையைப் பார்த்து, "மொதல்ல நீ கத்துக்கிட்டு வந்து சொல்லிக்குடு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாத்தனார் திரும்பி வந்து, தன் இருக்கையிலிருந்தே ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டியை ஓரமாக நிறுத்த வைத்தாள்.

"பாக்கலையா அண்ணி?"

"பாத்தேன்."

"அப்புறம்? பயத்துல கால் ஒறஞ்சு போச்சா? அது எல்லாருக்கும் வர்றதுதான். மாணவிங்க நூத்துல தொண்ணூறு பேருக்கு..."

"பயம் இல்ல."

"பின்ன?"

"வேலைலயும் இப்படித்தான் ஆச்சு," என்றாள் காதம்மா. பிறகு நடுவுலவனைப் பற்றிச் சொன்னாள். மூன்றாவது நொண்டியது, தான் பச்சை வைத்தது, ஃபோர்மேன் கேட்டது, அவருக்குச் சொன்ன பதில். லீவு எதற்கு என்பதையும் சொன்னாள். பஸ் நேரம் சொல்கிற குரலில்தான் சொன்னாள். "கேக்குது. தெரியுது. அதுக்கப்புறம் ஒண்ணு நடக்கணுமில்ல, ஐயோன்னு? அது வர மாட்டேங்குது. வீட்ல இருக்கற வரைக்கும் பரவால்ல. யாருக்கும் நஷ்டமில்ல. இப்போ அந்தப் பொம்பள செத்திருப்பா."

அழுவாள் என்று காதம்மா காத்திருந்தாள். நாத்தனார் அழவில்லை. ரோட்டில் மிச்சமாகக் கிடந்த ஒற்றைக் கிழங்கைப் பார்த்தாள்.

"நான் உங்கள ஊரெல்லாம் கல்லு, கல்லுன்னு சொல்லிட்டிருந்தேன்," என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"கோவம் வரலையா?"

"வந்தா நல்லாருக்கும்."

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "சரி. இனிமே நீங்க ஓட்ட வேணாம். இந்தப் பக்கம் வந்து ஒக்காருங்க. தினம் என்கூட வாங்க, ஓட்டறதப் பாத்தா போதும். வேணாம்னு சொன்னாலும் வாசல்ல வந்து ஹாரன் அடிப்பேன்."

இருவரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். கார் வீட்டுக்குத் திரும்பியது. ஒரு சிக்னலில் நின்றபோது, நாத்தனார் ஒரு கையை எடுத்து அண்ணியின் முழங்கை மேல் வைத்துவிட்டு, விளக்கு மாறியதும் எடுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் சில வாரங்கள் கழித்து ஃபோர்மேன் தொலைபேசியில் வந்தார். குரலில் பழைய சூடு திரும்பியிருந்தது.

"எப்பம்மா வர்றீங்க? உங்க எடத்துல ஒருத்தன ஒக்கார வச்சேன் பாருங்க, என் புத்தியச் சொல்லணும். உங்களுக்கு நடந்ததக் கேட்டதுலேருந்து பயந்துபோய் வர்றதுக்கெல்லாம் செவப்பு வச்சுட்டிருக்கான். பிரிக்கிற அறை சந்தக்கடை மாதிரி கெடக்கு. ஒரு மாப்பிள்ளைக்கு மூணு தடவ செவப்பு வச்சிருக்கான்மா. பிரிச்சா உள்ள தங்கம் மாதிரி இருக்கு."

"நான் வரேன் சார். ஆனா மேடைக்கு வேணாம்."

"ஏன்? காது நல்லாத்தானே இருக்கு?"

"காது இருக்கு. மத்தது இன்னும் வரல."

"பின்ன எங்கம்மா?"

"பிரிக்கிற அறைக்கு அனுப்புங்க," என்றாள் அவள். "அங்க வர்றதெல்லாம் தப்புன்னு வேற ஒருத்தர் ஏற்கெனவே சொன்னது. நான் ஒண்ணும் முடிவு பண்ண வேண்டியதில்ல. கழட்டினா போதும்."

"அது கை நோகற வேலம்மா."

"பரவால்ல சார்."

பிரிக்கிற அறை தொழிற்சாலையின் கடைக்கோடியில் இருந்தது. தாழ்ந்த கூரை, தகரத் தட்டுகள், எண்ணெய் வழியத் தரையில் வெட்டிய வாய்க்கால், மண்ணெண்ணெய் வாசனை. எஞ்சின் ஓடுகிற சத்தம் அங்கே வராது. அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். வேறு ஊர்த் தொழிற்சாலையிலிருந்து மாற்றலாகி வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது. ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லி, ஆனால் இறுகிய போல்ட்டை ஒரே இழுப்பில் விடுவிப்பார். அவருக்கு அவளுடைய பட்டப்பெயரும் தெரியாது, கதையும் தெரியாது. அவள் வந்த அன்றே ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, தான் இதற்கு முன் இருந்த இடத்தில் தண்ணீர்ப் பஞ்சம், இங்கே கொசு, பெண்டாட்டிக்கு இரண்டுமே பிடிக்கவில்லை என்று விலாவாரியாகச் சொல்லத் தொடங்கினார். காதம்மா கேட்டுக்கொண்டே வால்வுகளைக் கழற்றி வரிசையாக வைத்தாள். கை நொந்தது. சாயங்காலம் காய்த்து இறுகிய விரல்களை நாத்தனார் காருக்குள் எண்ணெய் போட்டு நீவிவிட்டாள்.

ஒருநாள் முற்பகலில் இருவரும் ஒரு சின்னவனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெண்டாட்டிக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வேலை கிடைத்திருந்த சந்தோஷத்தில் இருந்தார். கிராங்கின் மூடிகளைத் தளர்த்தியபடி, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரும்மா?"

தொழிற்சாலையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கிற யாராவது சொல்லிவிடுவார்கள். முதல் நாள் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், பிறகு நாத்தனார், பிறகு ஃபோர்மேன். இன்று அறையில் அவர்கள் இருவரும்தான் இருந்தார்கள், அவளுக்காகச் சொல்ல வேறு ஆள் இல்லை.

"செத்துட்டாரு," என்றாள்.

அவர் நிமிர்ந்தார். கையில் ஸ்பேனர் நின்றது. "அடடா. தெரியாம கேட்டுட்டேன். எப்பம்மா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். உட்கார இடம் தேடினாள். ஸ்டூல் எட்டவில்லை. பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். கையில் இருந்த போல்ட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணில் ஒன்றும் வரவில்லை. வாசல் நாற்காலியில் குனிந்திருந்த முதுகு மட்டும் வந்து வந்து போனது.

அவர் பக்கத்தில் வந்து ஒரு நிமிஷம் நின்றார். தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். ஆறுதல் சொல்ல வராத மனிதர் போலும், திரும்பிப் போய் மிச்சம் இருந்த மூடிகளைக் கழற்றத் தொடங்கினார். சத்தம் வராதபடி, ஒவ்வொரு போல்ட்டையும் தட்டில் போடாமல் துணி மேல் வைத்தார்.

"காலைல," என்றாள் அவள், கொஞ்சம் கழித்து. "ஷூ போட்டுக்கிட்டிருந்தாரு."

"ம்," என்றார் அவர், வேலையை விடாமல். "சொல்லுங்க."

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.